எழுத்தில் கொடுங்கள் சார்

சில வருஷங்களுக்கு முன்னால், கொல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நான் பிசியாலஜி எம்.டி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய படிப்பு அது. முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் ஆய்வகத்தில் செய்முறை சொல்லிக்கொடுப்பதும்தான் எங்களுக்கு முக்கியப் பயிற்சி. "இதுக்கெல்லாம் ஒரு எம்.டி.யா?" என்று உறவுக்காரர்கள் கேட்டதுண்டு. எனக்குப் பிடித்துத்தான் எடுத்தேன்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஹவுரா குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் பெங்காலி. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் வலது காது போய்விட்டது. இடது காதை வைத்தே டாக்டர் ஆகிவிட்டேன். எம்.டி. சேர்ந்த பிறகு அதுவும் மங்க ஆரம்பித்தது. காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும். உதட்டையும் பார்த்தால் முழுசாகப் புரியும்.

சிக்கல் ஸ்டெதாஸ்கோப்பில்தான். அதைக் காதில் மாட்ட மெஷினைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எதுவும் கேட்காது. அதனால் செய்முறை வகுப்பில் பிள்ளைகள் எடுத்த ரத்த அழுத்தம் சரியா என்று பார்க்க நான் வேறு வழி வைத்திருந்தேன். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்ப்பேன். ஒலியைத் திரையில் அலையாகக் காட்டுகிற எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப் ஒன்றும் சொந்தமாக வாங்கியிருந்தேன். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

இதை ஒரு நாள் எங்கள் துறைத் தலைவர் பார்த்துவிட்டார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அருமையான ஆசிரியர். இதயத்தைப் பற்றி நான் கற்றதில் பாதி அவர் வகுப்பில் கற்றதுதான். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பேச்சு பெங்காலியும் இங்கிலீஷுமாக இருந்தது. நினைவில் இருக்கிறபடி தமிழில் சொல்கிறேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் கேட்டது. நான் எழுந்து போய் அவர் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"இனிமே நீ பிராக்டிகல் எடுக்க வேண்டாம். சார்ட் தயார் பண்றது, டிபார்ட்மென்ட் மியூசியம் வேலை, இதையெல்லாம் பாத்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் சொல்லிக்கொடுத்ததுல ஏதாவது தப்பு இருந்துதா சார்?"

"தப்புன்னு சொல்லலை. காதால கேக்க வேண்டிய விஷயத்தை, கேக்காத ஒருத்தர் எப்படிச் சொல்லிக்கொடுக்கறது? பசங்க என்ன நினைப்பாங்க?"

குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால்கூட நான் பயந்திருப்பேனோ என்னவோ. அந்த இரக்கம் என்னைச் சுட்டது.

"அப்படின்னா எழுத்துல கொடுங்க சார். காது கேக்காததால இவங்க வகுப்பு எடுக்கக்கூடாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் எடுக்கலை."

உடல் குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது சட்டப்படி செல்லாது. எழுதித் தர முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில், "அடுத்த வாரம் பி.பி. வகுப்பை நீயே எடு. நான் பின்னால உக்காந்து பாக்கறேன். சரியா வரலைன்னா நீயாவே ஒதுங்கிக்கணும்" என்றார். சரி என்றேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். "எதுக்கும்மா பெரிய மனுஷரோட மோதறே? சார்ட் வரைஞ்சாலும் அதே டிகிரிதானே குடுக்கப் போறா?"

"டிகிரி குடுப்பாப்பா. நாளைக்கு எந்தக் காலேஜுக்குப் போனாலும் ஒரு மூலையில உக்கார வெச்சுடுவா. அதுக்கு இப்பவே பழகிக்கணுமா?"

வகுப்பன்று காலையில் அப்பா வழக்கமில்லாத வழக்கமாக, ஆற்றைக் கடக்க நான் படகேறும் துறை வரைக்கும் கூட வந்தார்.

ஆய்வகம் நிறைந்திருந்தது. தலைவர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மெஷினைக் கழற்றி எல்லோரும் பார்க்கும்படி மேஜையில் வைத்தேன். அதுவரை யாரிடமும் நானாகச் சொன்னதில்லை.

"எனக்குக் காது கேக்காது. இது இருந்தா கொஞ்சம் கேக்கும். ரத்த அழுத்தத்தை உங்களுக்கு இன்னிக்குச் சொல்லிக்கொடுக்கப் போறது நான்தான். கடையில விக்கற பி.பி. மெஷினுக்கும் காது கிடையாது. கையில சுத்தின பட்டை துடிக்கறதை வெச்சே அது கணக்குப் போடுது."

யாரோ சிரித்தது முகங்களில் தெரிந்தது. என் மெஷினைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன். முதலில் நாடியில் விரலை வைத்தபடி பட்டையில் காற்றடிக்க வேண்டும், நாடி எங்கே மறைகிறது என்று பார்க்க வேண்டும், ஏறக்குறைய அதுதான் மேல் அழுத்தம், அதற்குப் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். துடுக்கானவன், கெட்டவன் இல்லை.

"மேம், காதால கேட்டாலே தெரியுமே. விரல் எதுக்கு? டைம் வேஸ்ட் இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து தலைவர் எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "என் கையில பாரு. காதால மட்டும் பாரு" என்றார் அவனிடம்.

அவன் நாடியைத் தொடாமல் நூற்று அறுபது வரை காற்றடித்தான். சத்தம் ஒன்றும் இல்லை என்பதால் அங்கிருந்தே இறக்கினான். "நூத்தி நாப்பத்தி நாலு" என்று அறிவித்தான். வயதுக்குப் பரவாயில்லை என்பதுபோல் தலைவர் தலையாட்டினார்.

அடுத்தது என் முறை. அவர் மணிக்கட்டில் விரல் வைத்துக் காற்றடித்தேன். நூற்று அறுபதில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. எழுபதிலும் துடித்தது, எண்பதிலும் துடித்தது. நூற்றுத் தொண்ணூறை நெருங்கியபோதுதான் மறைந்தது. மறுபடி பார்த்தேன். அதேதான்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.

"சார், சொல்லட்டுமா?"

"சொல்லு. வகுப்புதானே."

சொன்னேன். பிறகு எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பெரிய திரையில் காட்டினேன். காற்றை இறக்கும்போது நூற்றுத் தொண்ணூறுக்கு அருகில் அலைகள் எழுந்தன. கொஞ்சம் இறங்கியதும் திரை வெறுமையானது. நூற்று நாற்பத்தைந்து பக்கம் வந்தபோது திரும்ப எழுந்தன. ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கும் சிலருக்கு நடுவில் ஒலி இப்படி அறுந்துபோகும். அந்த இடைவெளியில் கேட்கத் தொடங்குகிறவர், எவ்வளவு நல்ல காது இருந்தாலும் ஏமாந்துபோவார். விரல் ஏமாறாது. அந்த மாணவன் திரையையும் தன் ஸ்டெதாஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தலைவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். "நல்லா எழுதிக்கோங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். மருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் வகுப்புகள் மட்டும் என்னிடமே இருந்தன. முகம் தெரியும்படி திரும்பி உட்கார்ந்து பேச அவர் பழகிக்கொண்டார்.

கூடப் படித்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பரீட்சைல ஜெயிச்சுட்டே" என்றார்கள். எனக்கு அதில் முழுச் சந்தோஷம் வரவில்லை. அவர்களில் யாரையும் பின்வரிசையில் உட்கார்ந்து யாரும் சோதிக்கவில்லையே. நன்றாகக் கேட்கிற காதோடு மோசமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் சார்ட் வரையச் சொன்னதில்லை.

இன்று நான் வேறொரு கல்லூரியில் ஆசிரியை. இப்போதும் சிலர் அந்தக் கதையைச் சொல்லி, "நல்ல வேளை, அன்னிக்கு அவருக்கு அப்படி இருந்தது" என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அன்று அந்த மனிதரின் ரத்தக்குழாய் எனக்குச் சாட்சி சொல்லாமல் போயிருந்தாலும் அந்த வகுப்பு என்னுடையதுதான்.