செக்கிங் நாட்களில் அம்மா

முதல் அறிகுறியை நான் நோயாக நினைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு காலை அம்மா விடியுமுன் குளித்து, தலை பின்னி, நல்ல சேலை உடுத்து வாசலில் நின்றார். என்னையும் எழுப்பி, கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லியும் விடவில்லை.

எதிர்வீட்டு மேர்சி அக்கா பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: "என்ன, தாயும் மகளும் வெளிக்கிட்டு நிக்கிறியள்? பொம்பிளை பாக்க வருகினமோ?"

"செக்கிங்," என்றார் அம்மா.

மேர்சி அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் வளர்ந்தது தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். மாதத்தில் இரண்டு முறை அதிகாரி வந்து தலை எண்ணுவார்; அதைத்தான் செக்கிங் என்போம். குடும்பம் குடும்பமாக வாசலில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் உதவிப்பணம் நிற்கும்; திரும்பவும் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். செத்தவீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஓடி வருவார்கள். யுத்தம் முடிந்து நாங்கள் நாடு திரும்பிய பிறகு எங்களை எண்ண யாரும் வருவதில்லை. அம்மாவின் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பிறகு நெஞ்சு எரிந்தது. கை விறைத்தது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பை வரைந்து பார்க்கும் சோதனை) எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

"எனக்கென்ன விசரோ?" என்று அந்த நடைபாதை முழுவதும் கேட்டுக்கொண்டு வந்தார் அம்மா.

சிங்கள டொக்டர், இளம் பெண். அம்மாவுக்காகக் கொஞ்சம் தமிழ் முயன்றார். "அம்மா, சாப்பாடு நல்லா?"

அம்மா என்னைப் பார்த்தார். "கேக்கிறாவோ, தரப்போறாவோ?"

டொக்டருக்கு நான் மொழிபெயர்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றதை எல்லாம் மொழிபெயர்ப்பது இவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. முகாமில் நடந்ததைச் சொல்லும் இடங்களில் என் சிங்களம் நின்றுவிட்டது. அம்மாவின் கதையை அம்மாவுக்கு முன்னாலேயே நான் குறைத்துச் சொன்னேன்.

மனவடு (முடிந்துபோன அச்சத்தை உடம்பு இன்னும் நடப்பதாகவே எடுத்துக்கொள்ளும் நிலை), கூடவே மனச்சோர்வு என்றார் டொக்டர். மருந்துக் குளிசை பாதி வேலைதான் செய்யும். மீதிக்கு, அம்மாவின் மொழியிலேயே இருந்து கதைக்க ஓர் ஆள் வேண்டும். அது மகளாக இருக்கக் கூடாது. திரும்பி வந்த அகதிகளுக்காக வெள்ளவத்தையில் ஒரு சிறிய நிறுவனம் இருப்பதாகச் சொன்னார்.

எனக்குப் போக விருப்பமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். முகாமிலிருந்தே பட்டமும் எடுத்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். இனி எந்த உதவிக்கும் வரிசையில் நிற்பதில்லை என்று இருந்தேன். அம்மா மூன்று நாள் சாப்பிடாத பிறகுதான் கூட்டிப் போனேன்.

நிர்மலா அக்கா அங்கே உளவள ஆலோசகர். வியாழக்கிழமைகளில் அம்மாவுடன் இருப்பார். கதையைச் சொல்லச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. செக்கிங் நாள் என்று அம்மா நினைக்கும் காலைகளில், நான் அறிவித்தால் தொலைபேசியில் வருவார். "நில்லுங்கோ அம்மா. நிண்டு களைச்சா இருங்கோ. நான் லைன்ல இருக்கிறன்."

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை அம்மா படியில் உட்கார்ந்தார். அடுத்த முறை மறுபடியும் நின்றார். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் மனம் தளராதீர்கள். பின்னால் போவதும் சேர்த்துத்தான் குணமாவது.

அந்த நேரம்தான் நிறுவனத்துக்கு வரும் வெளிநாட்டு நிதி முடியப்போவதாகச் சொன்னார்கள். தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்க, நிதி தருபவர்கள் சிலர் நேரில் வருகிறார்கள். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா ரெண்டு சொல்லுச் சொன்னா நல்லம், தங்கச்சி."

"அம்மா காட்சிப்பொருள் இல்லை, மிஸ்."

அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் இது விருப்பமில்லை. வியாழக்கிழமை இல்லாமப் போனா அம்மாவை ஆர் பாக்கிறது? சொல்லும்."

வருகிறோம், பேசமாட்டோம் என்றேன்.

அன்று மண்டபத்தில் கதிரைகளைக் குடும்பம் குடும்பமாகப் போட்டிருந்தார்கள். விருந்தினர் உள்ளே வந்தார்கள். கையில் கோப்புகள். அவர்களில் ஒரு பெண், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக இருக்கலாம், விரலை மெல்ல அசைத்து எண்ணினார்.

அம்மா எழுந்தார். என் கையைப் பிடித்து இழுத்தார். பின்வரிசை எழுந்தது. பிறகு மண்டபமே எழுந்தது. தாய்மார் பிள்ளைகளின் தலைமயிரை ஒதுக்கி, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விருந்தினர் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்கள். எவ்வளவு மரியாதை தெரிந்த மக்கள் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். பணிப்பாளர் சிரித்தார். அப்படியே விட்டிருந்தால் எங்களுக்கு நல்லது.

"இது மரியாதை இல்லை," என்றேன் ஆங்கிலத்தில். "நீங்கள் எண்ண வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள். ஆள் குறைந்தால் சோறு குறையும். நீங்கள் பார்க்க வந்த நோய் இதுதான்."

பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணிய பெண் விரலை மடக்கி, இவர்கள் உட்கார நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நிர்மலா அக்காவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"முதல்ல அவையள இருக்கச் சொல்லுங்கோ."

விருந்தினர் உட்கார்ந்தார்கள். அம்மா நின்றுகொண்டே கேட்டார்: "முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அம்மா."

"பேர் வெட்டேல்லையே?"

"இல்லை."

அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

கேட்ட நிதி முழுதாக வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும், அதுவும் குறைத்துத் தந்தார்கள். ஆலோசனையின் பலனைக் காட்டுவது கடினம், பயிற்சிப் பட்டறைகள் என்றால் யோசிக்கலாம் என்று பதில். இன்னோர் ஆலோசகரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அம்மாவின் வியாழக்கிழமை ஒன்றுவிட்ட வியாழக்கிழமை ஆனது. இப்போது ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்து போய் நிதி விண்ணப்பம் எழுத நானும் உதவுகிறேன். நோய் இன்னும் இருக்கிறது என்றும், அது குறைந்து வருகிறது என்றும் ஒரே பக்கத்தில் நிரூபிக்க வேண்டும். இரண்டும் உண்மை. எழுதி எழுதிக் களைத்துவிட்டேன்.

முகாமிலேயே அம்மாவின் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. ஒரு பக்கமாகவே மென்று பழகியவர். இரண்டாம் முறை வா என்று சொல்லும் எந்த வைத்தியத்துக்கும் அவர் சம்மதித்ததில்லை. "அதுக்குள்ள எங்க இருப்பமோ," என்பார். போன மாதம் அவராகவே, தாடை நோகுது, பல்லைக் காட்டுவம் என்றார்.

வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரிடம் போனோம். மிஞ்சிய வேர்களை எடுக்க வேண்டும், முரசு (ஈறு) ஆறவேண்டும், பிறகு அளவெடுத்துப் பல் கட்டவேண்டும், மாதக்கணக்காகும் என்றார் அவர். அம்மா எழுந்துவிடுவார் என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

அம்மா கதிரையில் சாய்ந்தபடியே, நாக்கால் வெறும் முரசைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப தைப்பொங்கலுக்கு நான் முறுக்குக் கடிக்கலாமோ, டொக்டர்?"

"கடிக்கலாம் அம்மா. மெல்லமா."

"மெல்லமாத்தான். எனக்கென்ன அவசரம்?"