கடலுக்குள் போன எங்கள் தெரு

நாற்பதுகளில் பொம்மையார்பாளையத்துக் கரையைப் படகில் இருந்தபடியே அளக்க ஒரு சர்வே அதிகாரி வந்தார். அலை வந்து முடியும் இடத்தில், வெள்ளைக் கொடி கட்டிய கம்பம் ஒன்றை ஆள் விட்டு நட்டுவிட்டுப் போனார். மறுநாள் கடலில் நின்று அந்தக் கொடியைக் குறிபார்த்துத்தான் கரையை வரைவாராம். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை.

கம்பம் நின்றது நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்தில். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கும்போது நடுவில் கம்பம் இருந்தால் வலை கிழிந்துவிடும். சர்க்கார் பொருளைத் தூக்கி எறியவும் பயம். ஆகவே பக்குவமாகப் பிடுங்கி, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மேட்டில் கொடி நன்றாகத் தெரியும்படி நட்டுவைத்தோம்.

அவர் படகிலிருந்து அந்தக் கொடியைப் பார்த்தார், அளந்தார், போய்விட்டார். கொடிக்கு முன்னால் வரிசையாக நின்ற குடிசைகளும் அடுப்புப் புகையும் அவர் கண்ணில் படவேயில்லையா?

சில வருஷம் கழித்து, குடிதண்ணீர்க் கிணறு கேட்டு நானும் அக்காவும் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா வரைபடத்தை விரித்து விரலை வைத்தார்.

"நீங்க சொல்ற தெரு கடல்ல இருக்குது. கடல்ல கிணறு வெட்டச் சொல்றீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"வருஷா வருஷம் எங்க தெருவுல வரி வாங்கிக்கினு போறாரே உங்க ஆளு, அவரு என்ன நீந்திக்கினா வர்றாரு?"