இன்ஜின் வாய்க்கு ஒரு துணி

மைசூர் விஜயநகரில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை உதைத்துக் கிளப்பினார். எண்ணெய் கருகிய அந்த நீலப் புகை சமையலறைக்குள் வந்ததும் என் கை தானாகத் தலைமுடிக்குப் போனது.

ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் வீட்டில் இருந்த வருஷம் நடந்தது நினைவுக்கு வந்தது. சித்தப்பாவுக்கு மறுநாள் காலை மண் பாதையில் பைக் ரேஸ். முற்றத்தில் பைக்கின் சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டன் மாற்றிக்கொண்டிருந்தார். நான் தலை இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். பழைய பிஸ்டனிலிருந்து அவர் நெம்பிய சின்னக் கம்பிக் கிளிப் துள்ளிக் காணாமல் போனது. உள்ளே எதுவும் விழாதபடி இன்ஜின் வாயில் துணி அடைக்க மறந்திருந்தார்.

"வெளியதான் விழுந்திருக்கும். புதுசு இருக்கு, ஆயித்து, அவ்வளவுதான்."

"உள்ள விழுந்திருந்தா? ஓட்டுறப்போ உடைஞ்சு நீங்க விழுந்துட்டா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் வாயில நல்லதே வராதா பாப்பா?" என்றார். ஆனாலும் இன்ஜின் முழுவதையும் பிரித்தார். உள்ளே கிளிப் இல்லை. திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் மறுநாள் ரேஸே முடிந்துவிட்டது.

அன்று சாயந்தரம் அம்மா என் பின்னலை அவிழ்த்து வாரியபோது சீப்பில் ஏதோ மாட்டியது. அந்தக் கிளிப்தான்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை சிலிண்டரைக் கழற்றும்போது என்னைக் கூப்பிட்டார். கையில் இரண்டு துணி. ஒன்றை இன்ஜின் வாயில் அடைத்தார். இன்னொன்றை என் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"இப்போ பயப்படாம உக்காரு."

பயம் இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அன்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.