புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

அப்பா நெசவாளி, ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது கார்ப் பைத்தியம். ராசிபுரத்தில் கல்யாண மாப்பிள்ளைகளை ஊர்வலம் விடுவதற்கென்று பழைய கார் ஒன்றை வாங்கினார். அது மாப்பிள்ளையைவிடப் புகையைத்தான் அதிகம் ஊர்வலம் விட்டது. எஞ்சின் பிளாக்கின் துளைகள் தேய்ந்துவிட்டன, கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்றார் சூரமங்கலத்து லேத் பட்டறைக்காரர். இரண்டு தறிகளில் ஒன்றை விற்றுத்தான் அப்பா அந்தச் செலவைச் சமாளித்தார். சித்திரை முகூர்த்தங்களுக்குக் கார் ஓடாவிட்டால் மிச்சத் தறியும் போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

கடைந்த பிளாக், எண்ணெய் பூசி, சாக்கு சுற்றி, மாட்டு வண்டியில் வீடு வந்தது. அப்பா மெக்கானிக்கை அழைத்துவரப் போனார். எங்கள் வீட்டில் புதிதாக வரும் பாத்திரம் எதுவானாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் புழங்கும். அம்மா பிளாக்கையும் அப்படியே குளிப்பாட்டிவிட்டாள். துளைகள் பளபளவென்று மின்னின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தபோது துளைகளுக்குள் செந்துரு பூத்திருந்தது. அம்மா முந்தானையால் தேய்க்கத் தேய்க்க, சேலைதான் சிவந்தது. "நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன்," என்று அழுதாள். அப்பா சாக்கை எடுத்துப் பிளாக்கை மறுபடியும் சுற்றத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் மூவரும் பிளாக்கோடு வண்டியேறினோம். பட்டறைக்காரர் சாக்கை விலக்கினார். புளி வாசம் அவருக்கு எட்டாமல் இருந்திருக்காது. மஞ்சள் பொட்டு வேறு அப்படியே இருந்தது. அம்மா தலை நிமிரவில்லை.

"வர்ற வழியில மழையில நனைஞ்சு போச்சுங்க," என்றார் அப்பா.

வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மழையே பெய்யலையேப்பா!" என்றேன். அப்பா என் கையைக் கிள்ளினார்.

பட்டறைக்காரர் துளையை விரலால் தடவினார். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க, இங்கயும் நல்ல மழைங்க. மேலாகத்தான் புடிச்சிருக்குது. உப்புத்தாள்ல தேச்சாப் போயிருமுங்க. மழைக்கெல்லாம் நான் கூலி வாங்கறதில்லீங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சித்திரையில் எங்கள் கார் புகையில்லாமல் ஓடியது. ஆனால் அன்று எனக்கு மனசே ஆறவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் கூசாமல் பொய் சொல்கிறார்கள், உண்மை சொன்ன எனக்குக் கிள்ளு. அது போதாதென்று, திரும்பும்போது வண்டியில் அவ்வளவு இடம் கிடந்தும் அம்மா அப்பாவை ஒட்டியே உட்கார்ந்து வந்தாள். கொளுத்துகிற வெயிலில் இது எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை.