பாலாற்றுத் தண்ணீரும் லில்லியின் குடுவையும்

லில்லி ஒரு குடுவையை முறைத்துப் பார்த்தால் போதும், உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் பயந்துபோய்த் தாமாகவே கைகோத்துக்கொள்ளும். இதில் முறைப்பது மட்டும் நிஜம். மிச்சம் நான் சேர்த்த ஜரிகை.

என் பேத்தி; காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஐயம்பேட்டைக்காரி. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேதியியல் விரிவுரையாளர். கரிம அணுவோடு கரிம அணுவைப் பிணைப்பது அவள் ஆராய்ச்சி. மருந்து செய்கிறவர்களுக்கெல்லாம் தேவைப்படுகிற வேலை அது. அந்தப் பிணைப்பு நடக்க, நடுவில் ஓர் உலோகம் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க வேண்டும். வழக்கமாக அந்தத் தரகு வேலையைப் பார்ப்பது பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம். தரகும் அதற்கேற்ற மாதிரி எகிறும். லில்லி அதைக் கழற்றிவிட்டு, வெறும் இரும்பு உப்பைப் போட்டே காரியத்தை முடித்தாள். கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அது அச்சில் வந்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று துறைத்தலைவர் பஞ்சாட்சரம் வாக்குக் கொடுத்திருந்தார்.

கட்டுரையை முன்கூட்டியே இணையத்தில் படித்துவிட்டு, புனேயிலிருந்து ஓர் ஆய்வுக்குழு மின்னஞ்சல் அனுப்பியது. நீங்கள் எழுதியபடியே செய்தோம், ஒன்றும் நடக்கவில்லை என்று.

லில்லி திரும்பச் செய்து பார்த்தாள். இங்கே ஜம்மென்று நடந்தது.

"அங்க பாலாத்துத் தண்ணி ஏதுமா?" என்றார் பஞ்சாட்சரம். பட்டில் சாயம் ஏறினாலும் சரி, பிள்ளை பாஸானாலும் சரி, புகழைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவது இந்த ஊர் வழக்கம்.

"சார், அந்தக் குடுவைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போனாக்கூட வினை படுத்துக்கும். காலையில வந்து நான் பாக்கற மொத வேலையே தண்ணிய வெரட்டறதுதான்."

"அதான்மா. வெரட்டினாலும் அதோட குணம் போவாது."

வீட்டில் இன்னும் மோசம். கணவன் ஜான்சன் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளர். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க ஊட்டுக்காரம்மா காலேஜ்ல மருந்து ஒட்டறதே நம்ம தண்ணியிலதான் மேடம். பட்டுக்குக் கேக்கணுமா?" என்று எடுத்துவிட்டான்.

"ஏம்பா, என் மானத்த வாங்கற?"

"மானத்த வுடு. புடவை வித்துப் போச்சில்ல?"

லில்லிக்குக் காரணம் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரும்பு உப்பை வேறு புட்டியிலிருந்து எடுத்தாள், நடந்தது. கரைப்பானை மாற்றினாள், நடந்தது. கடைசியில், எரிச்சலில், இரும்பையே போடாமல் விட்டாள். அப்போதும் நடந்தது. அப்படியானால் தரகு பார்த்தது இரும்பே இல்லை.

மாற்றாமல் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: குடுவைக்குள் கிடந்து சுழன்று கலக்கும் சின்னக் காந்தத் துண்டு. ஆய்வகத்தில் 'பீட்' என்பார்கள். பிஎச்.டி. படித்த இடத்திலிருந்து, ராசியான பீட் என்று கையோடு கொண்டுவந்தது. அங்கே அது வருடக்கணக்காகப் பல்லேடியத்தில் குளித்திருந்தது. அதன் வெள்ளை உறையின் கீறல்களில் கறுப்பாக ஒட்டியிருந்ததை அழுக்கு என்றே அவள் நினைத்திருந்தாள். புது பீட் போட்டதும், இரும்பைச் சேர்த்தும்கூடக் குடுவை கல்லாக உட்கார்ந்துவிட்டது. வாசல் வழியாக அனுப்பிய தரகர் கொல்லை வழியாக வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு பீடுக்காகவா பேப்பரத் திருப்பி வாங்கப்போற?" பஞ்சாட்சரம் பதறினார். "மொதல்ல அச்சுல வரட்டும். ஆர்டர கையில வாங்கு. அப்புறம் நிதானமா கண்டுபுடி."

"கண்டுபுடிச்சிட்டேனே சார்."

"அத ஏன்மா இப்பவே கண்டுபுடிச்ச?"

லில்லி கொஞ்சமும் தயங்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வேலை செய்தது இரும்பு அல்ல, என் பழைய பீட் என்று ஆய்விதழுக்கும் புனேக்காரர்களுக்கும் எழுதி அனுப்பினாள். அவள் நேர்மையைக் கண்டு கல்லூரி நிர்வாகம் உருகிப்போய், அன்று சாயங்காலமே மாலை போட்டு, நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்தது.

இதுவரை எழுதியதை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த லில்லி சொன்னாள்:

"ஆயா, 'தயங்கவில்லை'ன்றத அடி. சார் ரூமுக்குப் போறதும் வர்றதுமா ஒரு வாரம் சுத்திக்கினு இருந்தேன். மாலையும் போடல, ஆர்டரும் குடுக்கல. அடுத்த வருசம் பாக்கலாம்னுட்டாங்க. புனேக்காரங்க மட்டும்தான் பதில் போட்டாங்க, அந்த பீட ஒருவாட்டி அனுப்ப முடியுமான்னு."