குளிரில் இறுகாத கொங்கிரீட் வரம்பு

தேயிலை மலைக் குளிரூரான அக்கரப்பத்தனையில் எங்கள் வீட்டுப் பூப்பாத்தியைச் சுற்றிக் கொங்கிரீட்டில் அழகு வரம்பு கட்டினோம். "மூணு நாளைக்கு ஈரச் சாக்கு போட்டு வைங்க, போதும்," என்றார் கொழும்பிலிருந்து வந்த மேசன். அப்படியே செய்தேன். சாக்கை எடுத்த நாலாம் நாள், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை, விறகுக் கட்டை என் கணவர் வழக்கம்போல வாசலில் தொப்பென்று போட்டார். நேராக வரம்பின் மேல்! அது இரண்டாகப் பிளந்தது.

"கல்லாட்டந்தானே இருந்துச்சு," என்கிறார் சாவகாசமாக.

மேசனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மூணு நாளு கொழும்பு வெயிலுக்குங்க. ஒங்க குளிருக்கு உள்ளுக்கு இறுக ரெண்டு கிழமை, பதினாலு நாளாவது வேணும். நீங்க கேக்கலையே."

சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டு வேலை செய்தவருக்கு எங்கள் குளிர் தெரியாதா?

மறுபடி கட்டி, அதைச் சுற்றி அதே மிலாறை வேலியாக நட்டிருக்கிறேன். இரண்டு கிழமைக்கு விறகும் பின்வாசல், கணவரும் பின்வாசல்.