உறவு சொல்லிக் கூப்பிடுங்கள்

எங்கள் ஆவண அறையில் நாலு நாள் உட்கார்ந்தால், உலகத்தில் போராடாத ஆளே கிடையாது என்று தோன்றிவிடும். அலமாரி நிறைய நிகழ்த்துகலை வீடியோ நாடாக்கள். ஒருவர் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு ஏதோ அலுவலக வாசலில் படுத்திருப்பார். இன்னொருவர் நடுத்தெருவில் நாள் முழுக்கத் துணி துவைப்பார். மாணவர்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துப் போவார்கள். நான் கேமராக்காரன். இதில் பாதி இன்றுவரை என் மண்டையில் ஏறவில்லை. ஏறியதாக நடிக்கவும் வராது.

மேடத்துக்கு எல்லாமே ஏறும். பூஞ்சை பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைத்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றி, யார் எதற்காகச் செய்தார் என்று எழுதி வைப்பது அவர் வேலை. மேடம் திருநங்கை. பெண்ணாக வாழத் தொடங்கியதும் வீட்டில் போ என்றார்கள், வந்துவிட்டார். இங்கே மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கூட்டங்களுக்கு வருகிறவர்கள் தோழர் என்பார்கள், நான் மேடம் என்பேன், அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் "மூணாம் மாடி" என்பார். மதியம் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டுத் தனியாகக் கழுவி வைப்பார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் மரியாதையாத்தான் கூப்பிடறாங்க. உறவா கூப்பிட ஒரு ஆள் இல்ல."

அதையே ஒரு நிகழ்வாக்கினார். கீழ்த்தளக் கூடத்தில் ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. பக்கத்தில் ஒரு பலகை: 'உறவு சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட உறவாகவே பதில் சொல்வேன்.' இதற்கு எவன் வருவான் என்று முணுமுணுத்துக்கொண்டே கேமராவை நிறுத்தினேன். வாசல் வரை வரிசை நின்றது. அக்கா என்றார்கள், சித்தி என்றார்கள். ஒரு பெரியவர் "மருமகளே" என்று கூப்பிட்டு, மாமனார் தோரணையில் காபி கேட்டார். "அத்தைகிட்ட கேளுங்க மாமா, நான் வேலையா இருக்கேன்" என்றார் மேடம். கூடமே சிரித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு களையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஆனால் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் வாயால் ஒருமுறை அக்கா என்று கேட்டுவிட வேண்டும்; மற்றதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

சாயங்காலம் தம்பி வந்தான். மூக்கும் நெற்றியும் அச்சு அசல் அவரேதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பலகையை இரண்டு முறை படித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணா" என்றான்.

வரிசையில் நின்ற ஒரு பெண், "இது அநியாயம், அந்த ஆளை எழுப்பி அனுப்புங்க" என்று முன்னால் வந்தாள். எனக்கும் அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கலாம் போலிருந்தது. மேடம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"சொல்லுடா" என்றார்.

அவன் கொட்டித் தீர்த்தான். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். தூக்கினால் வீறிட்டு அழுகிறதாம். அப்பா முகம் கொடுத்தே பேசுவதில்லையாம். "யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலண்ணா. நீ இருந்தா உன்கிட்ட கேப்பேன்." குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டச் சொன்னார் மேடம். அப்பாவின் எதிரில் நின்று பேசாதே, பக்கத்தில் உட்கார்ந்து பேசு என்றார். ஓரிடத்தில்கூடக் குரல் இடறவில்லை. கேமராவுக்குப் பின்னால் எனக்குத்தான் கண் கலங்கித் தொலைத்தது. "வரேண்ணா" என்று அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

எல்லோரும் கலைந்தபின் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அக்கான்னு கூப்பிடுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். நீங்க வச்ச விதிதானே? நீங்களே மீறினா யாரு கேக்கப் போறா?"

"விதிக்காக இல்ல" என்றார். தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியை மேஜையோடு ஒட்டித் தள்ளி வைத்தார். "அவன் தேடிக்கிட்டு வந்தது என்னை இல்ல. ஆனா அவனுக்குப் பதில் சொல்ல வேற ஆள் கிடையாதே."